மீன் தொட்டிக்கு ஒரு மூடி



"மலருக்கு என்ன எழுதப் போறே?" என்று கேட்டார்கள். "மீன் தொட்டி மூடி" என்றேன். அறையே சிரித்தது. "மூடியில என்னப்பா பாடம் இருக்கு? கண்ணாடிக் கடையில ஒரு துண்டு வெட்டி மேல வெச்சா முடிஞ்சுது" என்றான் ஒரு நண்பன்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நான் செய்த முதல் மூடி ஒரு மீனைக் காப்பாற்றவில்லை. இரண்டாவது மூடி என் அம்மாவுக்கே ஷாக் கொடுத்தது. மூன்றாவது மூடிதான் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது எல்லாமே நம் பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தவைதான். பரீட்சைக்கு எழுதினேன்; வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மீனைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நம் கரைக்குப் புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்துவிட்டார்கள். இன்று வில்லிவாக்கத்தை அடுத்த கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற ஊர். நம்மில் பலர் வீட்டிலும் விடுதி அறையிலும் ஒரு தொட்டி இருக்கிறது. தொட்டியைக் கடையில் வாங்குகிறோம். மூடியை மட்டும் நாமே ஒப்பேற்றுகிறோம். அந்த ஒப்பேற்றலை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

கணக்குக்கு வசதியாக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதாவது 60 × 30 × 30 செ.மீ. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 54 லிட்டர்.

1. மீன் ஏன் வெளியே குதிக்கிறது?

முட்டுக்காடு பாலத்தில் சாயங்காலம் நின்று பார்த்திருக்கிறீர்களா? உப்பங்கழியில் மடவை மீன்கள் சளக் சளக்கென்று துள்ளும். துள்ளுவது மீனின் சுபாவம். பெரிய மீன் துரத்தினாலும், தண்ணீர் கெட்டாலும், திடீரென்று விளக்கைப் போட்டாலும் துள்ளும். கழியில் துள்ளினால் கழியிலேயே விழும். தொட்டியில் துள்ளினால் தரையில் விழும்.

என் முதல் மீன் ஏரிக் கால்வாயில் பிடித்த பனையேறிக் கெண்டை. பெயரே எச்சரிக்கை! தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்ற டேனிஷ் படை அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைத் தான் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போயிருக்கிறது. மரம் ஏறுகிறதோ இல்லையோ, காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகரும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓர் அட்டையை மேலே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கட்டிலுக்கு அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அட்டை நனைந்து தொய்ந்து, ஒரு மூலையில் மூன்று விரல் அளவு இடைவெளி. அது போதுமாயிருந்தது.

இப்போது நம் இயக்கவியல் பாடத்துக்கு வருவோம். ஓர் உயரத்தை எட்டத் தேவையான வேகம் எவ்வளவு? 2-ஐயும் 9.8-ஐயும் மீட்டரில் உள்ள உயரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். தண்ணீர் மட்டம் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் தேவை விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். 15 செ.மீ. கீழே இருந்தால் 1.7 மீட்டர். மீன் ஒன்று திடீரெனப் பாயும்போது விநாடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் சுமார் 10 மடங்கு தூரம் போகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் 10 செ.மீ. மீனே விநாடிக்கு 1 மீட்டர் வேகம் எடுத்துவிடும்! "தண்ணிய கொஞ்சம் கொறச்சு ஊத்துனா போதும், மூடி வேணாம்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 100 கிராம் எடையுள்ள விரால் குட்டி ஒன்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மூடியில் மோதுகிறது. அதன் இயக்க ஆற்றல் 0.2 ஜூல். அது வீணாகாமல் முழுவதும் மூடியைத் தூக்கினால் என்ன ஆகும்? 1.2 கிலோ கண்ணாடி மூடி 1.7 செ.மீ. எழும்பும். 150 கிராம் பாலிகார்பனேட் மூடி 13.6 செ.மீ. எழும்பும். நிஜத்தில் இவ்வளவு எழும்பாது. கொஞ்சம் ஆற்றல் மோதலில் வீணாகும். ஆனால் பாடம் தெளிவு: லேசான மூடிக்குக் கொக்கி கட்டாயம். எடையுள்ள கண்ணாடிக்குத்தான் கொக்கி இல்லாமல் இருக்கும் உரிமை உண்டு.

2. மூடினால் மீனுக்கு மூச்சு முட்டாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மூச்சு முட்டாது. 1 லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் கரைந்திருப்பதோ 7.5 மில்லிகிராம்தான். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு மூன்று செ.மீ. காற்றும், குழாய் போக ஓர் ஓட்டையும் இருந்தால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. கௌராமி, பைட்டர் போன்ற மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்களுக்கு அந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று நல்லதும்கூட. அந்த இடைவெளியே இல்லாமல் தண்ணீர் மூடியைத் தொடும்படி நிரப்பினால்தான் அவற்றுக்கு ஆபத்து.

அப்படியானால் பிரச்சினை எங்கே? வெப்பத்தில்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த தொட்டியும் ஒரு மண்பானைதான். ஒரு நாளைக்குத் தண்ணீர் 3 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.18 சதுர மீட்டர் என்பதால் ஆவியாவது 0.54 லிட்டர். 1 லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் தேவை. ஆக, ஒரு நாளைக்கு சுமார் 1,320 கிலோஜூல். 86,400 விநாடியால் வகுத்தால் 15 வாட். திறந்த தொட்டி இரவும் பகலும் 15 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது! கண்ணாடி மூடி போட்டால் இதில் பெரும்பகுதி நின்றுபோகும். மூடியில் படியும் நீர் சொட்டித் திரும்பத் தொட்டியிலேயே விழும்.

கத்திரி வெயிலில் இது விபரீதம். தண்ணீர் 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனின் தேவை கூடும், தண்ணீரின் இருப்பு குறையும். மே மாதத்தில் மூடிய தொட்டியில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால், மூடி காற்றை அடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மூடி அடைத்தது சூட்டை.

அதற்காக வருடம் முழுவதும் திறந்து போட முடியுமா? அதிலும் நஷ்டம் உண்டு. நம் பக்கத்துப் போர் தண்ணியில் உப்பு அதிகம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை ஊற்றி, தினமும் அரை லிட்டர் வீதம் அதே தண்ணீரை ஈடுகட்டினால், 30 நாளில் 15 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும். 54 கிராம் இருந்தது 69 கிராம் ஆகும். தண்ணீர் பழையதுபோலத்தான் தெரியும். மீனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எனவே என் தீர்வு இதுதான்: ஒரே அளவில் இரண்டு பலகைகள். ஒன்று கண்ணாடி, இன்னொன்று வலை. கோடையில் வலை, மற்ற நாளில் கண்ணாடி. மீன் வெளியே போகக்கூடாது. சூடு எப்போது வெளியே போகலாம் என்பதை நாம் முடிவு செய்கிறோம். மூடி என்பது அடைப்பு இல்லை, ஒரு வால்வு!

3. எந்தப் பொருளில் செய்வது?

இங்கே பொருள்களின் வலிமைப் பாடம் கைகொடுக்கிறது. இரு முனையும் தாங்கிய, 57 செ.மீ. இடைவெளி உள்ள பலகை தன் எடையாலேயே எவ்வளவு தொய்யும்? சீரான பளு உள்ள உத்திரத்தின் சூத்திரத்தைப் போட்டேன். 4 மி.மீ. கண்ணாடி 0.36 மி.மீ. தொய்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக் 7 மி.மீ. தொய்கிறது! கண்ணாடியின் மீள்தன்மைக் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். அக்ரிலிக்கிற்கு சுமார் 3 மட்டுமே.

*கண்ணாடி:* வளையாது, கீறல் விழாது, சுத்தம் செய்வது சுலபம். உடையும் என்பது ஒன்றுதான் குறை. 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி போதும். படச் சட்டத்துக்குப் போடும் 2 மி.மீ. கண்ணாடி வேண்டாம். பழைய கண்ணாடியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அது டஃபன்டு கண்ணாடியா என்று கேளுங்கள். அதை அறுக்க முடியாது. கட்டர் பட்டால் பொடிப்பொடியாகச் சிதறும்.

*அக்ரிலிக்:* லேசு, அறுக்கச் சுலபம். ஆனால் கீழ்ப்பக்கம் எப்போதும் ஈரம், மேல்பக்கம் உலர்வு. ஈரத்தை உறிஞ்சிய பக்கம் விரியும், பலகை வில்லாக வளையும். இதைத் திருப்பிப் போட்டால் சில நாளில் மறுபக்கம் வளையும். அக்ரிலிக்தான் வேண்டும் என்றால் முன்னும் பின்னும் தாங்கு பட்டை வைத்து, இடைவெளியைப் பாதியாக்குங்கள். தொய்வு இடைவெளியின் நான்காம் அடுக்கில் மாறுவதால், பாதி இடைவெளியில் 7 மி.மீ. தொய்வு அரை மி.மீ.க்கும் கீழே வந்துவிடும்.

*இரட்டைச் சுவர் பாலிகார்பனேட்:* கார் ஷெட்டுக் கூரைக்குப் போடுகிறார்களே, அந்தத் தகடு. மிச்சத் துண்டுகள் கடையில் கிடைக்கும். கத்தியாலேயே அறுக்கலாம், உடையாது. உள்ளே உள்ள குழல்களில் நீர் புகுந்து பாசி பிடிக்கும் என்பதால் இரு முனைகளையும் அடைக்க வேண்டும். லேசானது என்பதால் கொக்கி கட்டாயம்.

*பிளைவுட், அட்டை, தெர்மோகோல்:* என் பனையேறிக் கெண்டையைக் கேளுங்கள்!

4. செய்முறை

5 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டியானால் உள் அளவு 59 × 29 செ.மீ. இருக்கும். உங்கள் தொட்டியை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியும் சரியான சதுரமாக இருப்பதில்லை.

(அ) தாங்கு பட்டை: 2 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம் உள்ள இரண்டு கண்ணாடிப் பட்டைகள். இவற்றைத் தொட்டியின் இரு குறுகிய பக்கங்களிலும், விளிம்புக்கு 1 செ.மீ. கீழே, உட்புறமாக சிலிக்கானால் ஒட்ட வேண்டும். மூடி தொட்டியின் *மேல்* உட்காராமல் *உள்ளே* உட்காருவதுதான் இதன் சூட்சுமம். அப்போதுதான் மூடியில் படியும் நீர் வெளிச்சுவரில் வழிந்து மேசையை நனைக்காமல் தொட்டிக்குள்ளேயே சொட்டும்.

(ஆ) முன் பலகை: 58.6 × 20 செ.மீ., 4 மி.மீ. கண்ணாடி. எடை 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விடுவது கை நுழைய அல்ல, பொருள் விரிய. கண்ணாடி அதிகம் விரியாது. ஆனால் அதே அளவு அக்ரிலிக் பலகை 15 டிகிரி சூடேறினால் 0.6 மி.மீ. நீளும், ஈரத்தால் விரிவது தனி.

(இ) பின் பலகை: 58.6 × 8.5 செ.மீ., பாலிகார்பனேட். ஒரு மூலையில் காற்றுக் குழாய்க்கும் வயருக்கும் வெட்டு. வெட்டு ஒரு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். மிச்ச இடத்தில் ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகுங்கள். இது லேசான பலகை என்பதால், தொட்டியின் வெளிச்சுவரில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளை ஒட்டி, மேலே நைலான் கயிற்றை இழுத்து மாட்டிவிடுங்கள்.

(ஈ) வலைப் பலகை: முன் பலகையின் அதே அளவு. இதற்கு நம் எலெக்ட்ரிக்கல் பட்டறைச் சாமான் ஒன்று அற்புதமாகப் பொருந்துகிறது: வயரிங்குக்குப் போடும் பி.வி.சி. கேசிங் பட்டை. நான்கு துண்டுகளை 45 டிகிரியில் அறுத்து பி.வி.சி. பசையால் சட்டமாக ஒட்டுங்கள். நைலான் கொசுவலையை அதன் மேல் விரித்து, கேப்பிங்கை அழுத்தினால் வலை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், திருகு வேண்டாம். வலை கிழிந்தால் கேப்பிங்கைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். இதுவும் லேசுதான், கொக்கியை மறவாதீர்கள்.

(உ) விளிம்பு தேய்த்தல்: கண்ணாடிக் கடையில் அறுத்துத் தருவார்கள், விளிம்பு பிளேடுபோல் இருக்கும். கார்போரண்டம் கல்லைத் தண்ணீரில் நனைத்து நான்கு விளிம்பையும் 45 டிகிரியில் தேய்த்து, பிறகு வாட்டர் பேப்பர் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் கண்ணாடித் தூசி நெஞ்சுக்குள் போகும். கையுறை, கண்ணாடி இரண்டும் அணிந்துகொள்ளுங்கள்.

(ஊ) சிலிக்கான்: காயும்போது வினிகர் வாடை வரும் சாதாரண வகை, மீன் தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த வகை மீனுக்கு விஷம். ஒட்டிய பின் 24 மணி நேரம் தொடக்கூடாது. அது காற்றின் ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்ளே காய்கிறது என்பதால், தடிமனாகப் போட்டிருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். வாடை முழுவதும் போன பிறகே மீன்.

பிடி வைக்க, முன் பலகையின் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழை அதே சிலிக்கானால் ஒட்டினால் வேலை முடிந்தது.

5. விளக்கும் மின்சாரமும்

இனி என் இரண்டாவது மூடியின் கதை. அலுமினியச் சட்டம், உள்ளே 2 அடி ட்யூப் லைட், சட்டத்தின் மேல் திருகிய சோக். பார்க்க அழகாக இருந்தது. தங்கச்சி தோழிகளைக் கூட்டிவந்து காட்டினாள். ஒரு மழைக்காலம் ஓடியது. ஒரு நாள் காலையில் மீனுக்கு இரை போட அம்மா ஈரக் கையோடு மூடியைத் தூக்கினார். ஈரத் தரை, வெறும் கால். "ஐயோ!" என்ற சத்தம், மூடி கீழே விழுந்த சத்தம், இரண்டும் சேர்ந்து கேட்டன. கை தானாக உதறியதால் தப்பித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ காலேஜுல கரண்ட் பத்திதானடா படிக்கிற?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

பிரித்துப் பார்த்தேன். சோக் இணைப்பில் சுற்றியிருந்த டேப் ஈரத்தில் ஊறி உரிந்திருந்தது. உப்பும் ஈரமும் சேர்ந்து அங்கிருந்து சட்டத்துக்கு ஒரு பாதை போட்டிருந்தன. இரண்டு முள் பிளக், எர்த் இல்லை. "எம்.சி.பி. இருந்ததே, ஏன் விழவில்லை?" என்று கேட்கலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பதற்கு. மனிதனைக் காப்பதற்கு அல்ல. உடல் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அது 6,000 மில்லி ஆம்பியருக்குக் காத்திருக்கிறது! 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் மனிதனுக்கான காவல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 200 மடங்கு. இதை நான் பரீட்சையில் படம் போட்டு எழுதியவன்.

எனவே இந்த விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1. மூடியில் 230 வோல்ட் கூடவே கூடாது. 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும். அடாப்டர் தொட்டிக்கு மேலே அல்ல, தள்ளி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும்.
2. எல்.இ.டி. பட்டையைக் கண்ணாடியின் மேல்பக்கம் வையுங்கள். வெளிச்சம் கண்ணாடி வழியே போகும், ஈரம் வராது.
3. எந்த வயரும் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கை விடக் கீழே ஒரு வளையமாகத் தொங்கட்டும். வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும்; பிளக்குக்குள் போகாது.
4. மோட்டார், ஹீட்டர் இருந்தால் மூன்று முள் பிளக், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும்.
5. காற்று பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கும்.
6. தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

6. உப்புக் காற்று

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் இரும்புத் திருகுக்கு இது இரண்டு உலகம். கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் சில வருடம் தாங்கும் திருகு, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கரையில் ஒரு மழைக்காலத்தில் துருவாகிவிடும். கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள்தான் காற்றில் உப்பாக வருகின்றன. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறைந்துவிடுகிறது. அரிப்பு உள்ளிட்ட மின்வேதியியல் ஆராய்ச்சிக்காக 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்துச் சோதித்தவர்கள் அவர்கள். அவ்வளவு பெரிய பகை இந்தக் காற்று.

மூடிக்கு இந்தப் பகை இரண்டு பக்கமும் உண்டு. மேலே உப்புக் காற்று, கீழே ஓயாத ஈரம். கடல் மீன் தொட்டியானால் குமிழி உடைந்து உடைந்து கீழேயும் உப்பு. மூடி எப்போதும் அடியிலிருந்துதான் சாகிறது. நாம் பார்ப்பதோ மேல்பக்கத்தை. வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மூடியில் உலோகமே வேண்டாம் என்பதுதான் நல்ல வழி. வேண்டியே ஆக வேண்டும் என்றால் 316 ரக எவர்சில்வர் திருகு. அதில் உள்ள மாலிப்டினம் உப்பை எதிர்க்கிறது. ஜி.ஐ. திருகில் உள்ள துத்தநாகமும், பித்தளைக் கீலில் உள்ள செம்பும் கரைந்து தொட்டியில் சொட்டினால் மீனுக்கு நஞ்சு. இறாலுக்குச் செம்பு இன்னும் கொடியது. "பித்தளை துருப்பிடிக்காதே" என்று கீல் வாங்கி மாட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும். கீல் வேண்டுமானால் இரண்டு கண்ணாடிப் பலகைகளை 2 மி.மீ. இடைவெளியில் படுக்க வைத்து, அந்த இடைவெளியில் சிலிக்கானை நிரப்பிக் காயவிடுங்கள். ரப்பர் போல வளையும் கீல் தயார்.

7. பழுது பார்ப்பது

தூக்கிப் போடும் முன் ஒருமுறை பாருங்கள்.

*வெள்ளைப் படிவு:* அது சுண்ணாம்பு உப்பு. மூடியை வெளியே எடுத்து வினிகரோ புளிக்கரைசலோ தடவி, பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். நன்றாக அலசுங்கள். சோப்பு வேண்டாம்.

*பிரிந்த சிலிக்கான்:* பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. பழையதைப் பிளேடால் முழுவதும் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்த கண்ணாடியில் புதிதாக ஒட்டுங்கள். இந்த ஸ்பிரிட் கண்ணாடிக்கு மட்டும். அக்ரிலிக்கில் பட்டால் வெடிப்பு வெடிப்பாகக் கோடு விழும்.

*அக்ரிலிக் விரிசல்:* விரிசலின் நுனியில்தான் தகைவு குவிகிறது. அந்த நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் அங்கேயே நிற்கும். பிறகு மேலே ஒரு பட்டை அக்ரிலிக்கை அக்ரிலிக் கடையில் விற்கும் கரைப்பானால் ஒட்டிவிடலாம். ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டுங்கள். அந்த ஆவி நல்லதல்ல.

*கண்ணாடி விரிசல்:* இதற்குப் பழுது கிடையாது. மாற்றுவதுதான். ஒட்டு டேப் போட்டுச் சமாளித்த கண்ணாடி ஒரு நாள் கையைக் கிழிக்கும்.

*பாலிகார்பனேட்டில் பாசி:* முனை அடைப்பைப் பிரித்து, குழல்களில் தண்ணீரைப் பீய்ச்சி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி அடையுங்கள்.

கடைசியாக ஒரு சேதி. தண்ணீர் மாற்றுவதற்காக வாளியில் பிடித்து வைக்கிறோமே, அதற்கும் மூடி வேண்டும். தொட்டியில் மீன் இருப்பதால் கொசுப்புழு தப்பாது. வாளியில் மீன் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மிச்சமான வலைத்துண்டை வாளி மேல் கட்டிவிடுங்கள்.

முடிவாக...

மூடியில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்ட நண்பனுக்கு: இயக்கவியல் இருக்கிறது, வெப்பவியல் இருக்கிறது, பொருள்களின் வலிமை இருக்கிறது, அரிப்பு வேதியியல் இருக்கிறது, மின் பாதுகாப்பு இருக்கிறது. பட்டயம் வாங்கிய பிறகு நாம் பெரிய பாலமும் பாய்லரும் பார்ப்போமோ என்னவோ, வீட்டில் ஒரு மூடி இன்றே இருக்கிறது. அதை முதலில் சரி செய்வோம். விருப்பம் உள்ளவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் மீன் கடைகளுக்கும் அளவெடுத்துச் செய்து கொடுக்கலாம், கைச்செலவுக்கு ஆகும்.

இந்த மலரை மூடி வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்குப் போய் மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். இல்லவே இல்லை என்றால் வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா இப்போது தினமும் காலையில் மூடியைத் தூக்கி இரை போடுகிறார். ஆனாலும் தூக்குவதற்கு முன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறார். அந்தப் பழக்கம் என் இரண்டாவது மூடி கொடுத்தது. உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு பழக்கம் வர வேண்டாம்.